எட்டுப் பூக்களோடு சத்தியமங்கலம் வரை

டாட்டிங் போடுகிற தோழிகளைப் பார்க்க வெளியூர் போகலாமென்று இருக்கிறோம், எப்படிப் போவது, எதை எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டு இந்த வலைப்பதிவுக்கு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் டாட்டிங் போடுவதில்லை. ஆனால் போடுகிறவர்களின் சந்திப்பு ஒன்றுக்குக் கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலம் வரை போய் வந்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்ததில் பாதி எனக்கு அப்போது புரியவில்லை. மீதி, பிற்பாடு யோசித்தபோது புரியாமல் போயிற்று.

முதலில் டாட்டிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு. கட்டைவிரல் அளவில் படகு மாதிரி ஒரு சாமான். அதற்கு ஷட்டில் என்று பெயர். அதில் நூலைச் சுற்றி, விரல்களில் மாட்டிய நூலின் மேல் வரிசையாக முடிச்சுப் போட்டு இழுத்தால் அது சுருங்கி வளையமாகும். முடிச்சுகளுக்கு நடுவே நூலைத் தளர்த்திச் சின்னச் சின்னக் காதுகள் விட்டுக்கொண்டே போவார்கள். நாலைந்து வளையம் சேர்ந்தால் பூ. பூவும் பூவும் அந்தக் காதுகளால் கோத்துக்கொண்டால் லேஸ். வளையத்தை ஒரு முறை இறுக்கிவிட்டால் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம், வெட்டித்தான் எறிய வேண்டும். இவ்வளவு கறாரான ஒன்றை மக்கள் ஓய்வு நேரத்தில் ஏன் செய்கிறார்கள் என்று நான் கேட்டதுண்டு. பதில் வந்ததில்லை.

என் மனைவி மல்லிகா கணபதியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அன்னூரில் ராஜேஸ்வரி, சத்தியமங்கலத்தில் பூங்கொடி. இந்த மூன்று பேரும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யார் வீட்டிலாவது கூடி உட்கார்ந்து டாட்டிங் போடுவார்கள். மூவரில் மல்லிகாதான் கண்டிப்பு. ஒரு முறை ராஜேஸ்வரி போட்ட பதினைந்து பூக்களில் ஒரு முடிச்சு கூடுதலாக இருக்கிறதென்று பதினைந்தையும் வெட்டச் சொன்னவள். வெட்டியும் இருக்கிறார்கள். நட்பு அதற்குப் பிறகும் நீடித்தது என்பது எனக்குப் புரியாதவற்றில் ஒன்று.

அந்த ஞாயிறு மாலை பூங்கொடியின் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுக்கிற தட்டை மூட ஒரு வட்ட லேஸ் வேண்டும். நடுப்பகுதியைப் பூங்கொடி போட்டுவிட்டார். சுற்றிலும் இருபத்து நாலு பூ, ஆளுக்கு எட்டு. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து கோப்பதாக ஏற்பாடு. நிச்சயத் தேதி முன்னால் வந்துவிட்டதால், கோப்பதும் நிச்சயமும் ஒரே நாளில் விழுந்தன. மல்லிகாவுக்கு அன்று பார்த்து ஏதோ வேலைக்கான எழுத்துத் தேர்வில் கண்காணிப்புப் பணி. ஆகவே எட்டுப் பூக்களையும் அவளுடைய தையல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். நான் ஒரு பம்பு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அரை மில்லிமீட்டரைப் பெரிதாக நினைக்கிற தொழில் என்பதால் நான் பொருத்தமானவன் என்று மல்லிகா முடிவு செய்திருக்கலாம்.

காந்திபுரத்தில் காலை 6.40-க்கு பஸ். பூக்கள் கசங்காமலிருக்க எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமென்று உத்தரவு. சரவணம்பட்டி தாண்டும்போது கண்டக்டர் வந்தார்.

“ஏனுங்க, டிபனைக் கீழ வெச்சுப்போட்டுச் சாஞ்சு உக்காரலாமுங்கல்ல?”

“இதுல டிபன் இல்லீங்க. பூவுங்க.”

“பூவைப் போயி ஆராச்சும் டிபன் பாக்ஸுல கொண்டுட்டுப் போவாங்களாங்க?”

“நூல்ல போட்ட பூவுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “எங்க எறங்கோணும்?” என்று மட்டும் கேட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். சத்தி என்கிற சத்தியமங்கலத்துக்குப் பதின்மூன்று ரூபாய்.

அன்னூருக்கு முப்பது கிலோமீட்டர், 7.50-க்குப் போய்ச் சேர்ந்தது. ராஜேஸ்வரி அங்கே ஏறினார். ஐம்பதை நெருங்குகிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்கள் தமிழ். ஏறியதும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, “மல்லிகா கையே கைதான் தம்பி” என்றார். பிறகு ஷட்டிலை எடுத்து, ஓடுகிற பஸ்ஸில் வேறெதையோ போட ஆரம்பித்துவிட்டார். “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று முணுமுணுப்பாக எண்ணிக்கொண்டே வந்தார். கணக்கு மட்டும் தெலுங்கில்தான் வருமாம். பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பும் என்று நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அவர் புளியம்பட்டி வரை எண்ணினார்.

சத்தியமங்கலம் 9.25. மொத்தம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பூங்கொடி வீட்டு வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க்கா. வாங்ணா. மல்லிகா வருலீங்களா?” என்ற பூங்கொடி, பதிலைக் கேட்டுவிட்டு, “பரவால்லீங்ணா, பூ வந்துருச்சல்ல” என்றார். எனக்குக் காப்பி வந்தது. பூக்களுக்குத் தனி அறை கொடுத்தார்கள்.

பத்தே காலுக்குக் கோக்க ஆரம்பித்தார்கள். முதலில் பூங்கொடியின் எட்டு, அப்புறம் ராஜேஸ்வரியின் எட்டு. லேஸ் பாய் விரித்ததுபோலத் தரையோடு கிடந்தது. கடைசியாக மல்லிகாவின் எட்டு. நாலாவது பூவில் ஓரம் லேசாக எழும்பியது. எட்டாவது முடிந்தபோது மணி பதினொன்றரை. வட்டத்தின் இரண்டு பங்கு தட்டை. மூன்றாவது பங்கு எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. கையால் அமுக்கினால் படிந்தது, எடுத்தால் எழுந்தது.

மூன்று மணிக்குப் பக்கத்து ஊர் கோபியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றி முடித்தாக வேண்டும். மாப்பிள்ளையின் அத்தையிடம், மகளுடைய நிச்சயத் தட்டுக்குக் கையாலேயே லேஸ் போட்டு மூடுகிறோம் என்று பூங்கொடி ஏற்கெனவே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் சண்டையை வெளியூர்க்காரர்கள் அடையாளம் கண்டுகொள்வது கடினம். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

“அக்கா, உங்க கை கொஞ்சம் இறுக்கமுங்க. தப்பாச் சொல்லுலீங்க.”

“எங்கை இறுக்கமாவே இருக்கட்டும் அம்மணி. நீங்க நூலு நம்பர் மாத்திப்போட்டீங்களான்னு பாத்துக்கோங்க.”

“நானுங்களாக்கா? நூலை நீங்கதானுங்களே வாங்கிக் குடுத்தீங்க!”

மல்லிகாவைப் பற்றி ஐந்து நிமிடம் வரை யாரும் பேசவில்லை. அவள் தப்புச் செய்யமுடியும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நான்தான், உதவுவதாக நினைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த எஃகு ஸ்கேலை எடுத்துப் பூக்களின் காதுகளை அளந்தேன்; காது நீண்டால் ஓரம் கூடிப்போய் நெளியும். பூங்கொடியுடையது மூன்று மில்லிமீட்டர். ராஜேஸ்வரியுடையது மூன்று. மல்லிகாவுடையது நான்கு.

பூங்கொடி லேஸை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“எம்பட புள்ள விசேசமுன்னா அவங்களுக்கு அத்தன எளக்காரமாப் போச்சாட்ட இருக்குதுங்க. அக்காவ ஒரு முடிச்சுக்குப் பதினஞ்சு பூவ வெட்டச் சொன்னவங்க, எனக்குன்னு வாரப்ப ஏனோதானோன்னு போட்டு, புருசங்கிட்டக் குடுத்தனுப்பிச்சு உட்டுட்டாங்க.”

நான் மறுக்கப் பார்த்தேன். எதை மறுப்பது? எட்டு நாளாக அவள் சோற்றை ஆறவைத்துவிட்டுப் போட்ட பூக்கள் அவை. ஆனால் நான்கு நான்குதான். அதை அளந்ததும் நான்தான்.

ராஜேஸ்வரி கொஞ்சம் யோசித்து, “அளவுச் சீட்டை எடு கண்ணு” என்றார்.

அப்போதுதான் இந்தச் சமாசாரம் எனக்குத் தெரியவந்தது. காதுகள் எல்லாம் ஒரே உயரமாக வர நூலை ஏதாவது ஒரு பட்டையின் மேல் சுற்றி விடுவார்களாம். வெளிநாட்டில் அதற்கு அட்டை வெட்டி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. இவர்கள் மூன்று பேரும் ஒரு முறை சத்தி பஸ்ஸில் ஒன்றாக வந்தபோது வாங்கிய மூன்று டிக்கெட்டுகளை, நீளவாட்டில் மூன்று தடவை மடித்து, ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். ஒரே பஸ், ஒரே கட்டு, ஒரே அகலம். அதைத் தவிர வேறெதிலும் காது விடக்கூடாதென்பது ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தது மல்லிகா.

ராஜேஸ்வரி தன்னுடையதைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்தார். பூங்கொடி தன்னுடையதைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தார். மல்லிகாவின் தையல் டப்பாவைத் திறந்தார்கள். அதே மாதிரி மூன்று மடிப்பு, அதே வெளிறிய சிவப்பு. பிரித்துப் பார்த்தால் டவுன் பஸ் டிக்கெட், அகலம் கூடுதல்.

அந்த டிக்கெட்டை எனக்குத் தெரியும். பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன், அவள் இந்தப் பூக்களைத் தொடங்குவதற்கு முன்பு, எனக்குக் காதில் அரிப்பு. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது அந்தத் தையல் டப்பா, உள்ளே வாகாக மடித்த ஒரு பஸ் டிக்கெட். எடுத்துச் சுருட்டிக் குடைந்தேன். நல்ல டிக்கெட். பிறகு எதை எடுத்தாலும் பதிலுக்கு வைக்க வேண்டும் என்ற ஒழுங்கில், என் சட்டைப்பையிலிருந்த டவுன் பஸ் டிக்கெட்டை அதே மடிப்பில் மடித்து, அதே இடத்தில் வைத்தேன். மடிப்பு துல்லியமாக இருந்தது. தொழில் அப்படி.

சொல்லாமலிருந்தால் மல்லிகா அலட்சியக்காரி. சொன்னால் நான். கணக்குப் போட நேரமில்லை. சொன்னேன்.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க எனக்குத் தெரியவில்லை. முதலில் பேசியது ராஜேஸ்வரி.

“ஏந்தம்பி, ஊட்டுல கோழி றெக்கை இல்லீங்களா?”

பூங்கொடி சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியதில் அழுகிறார் என்றே நினைத்தேன். சிரிப்புத்தான் என்று ராஜேஸ்வரி சொன்னார். இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

சிரித்து முடித்தபோது மணி பன்னிரண்டு. புதிதாக எட்டுப் பூ போட நேரமில்லை. நான் ஒரு தாளில் வட்டம் வரைந்து கோணங்களைக் குறித்தேன், யாரும் பார்க்கவில்லை. ராஜேஸ்வரி லேஸை வேட்டி சட்டை அடுக்கிய தட்டின் மேல் போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தார். “ஒரே பக்கமா நெளிஞ்சாத்தான தப்பு? சுத்தியும் நெளிய உட்டுரலாம்” என்றார். பூக்களைத் தொடாமல் கோத்த நூலை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு சின்னப் பூவுக்கு ஒரு பெரிய பூ என்ற வரிசையில் மறுபடியும் கோத்தார்கள். யாரும் சாப்பிடவில்லை, நான் மட்டும் சாப்பிட்டேன், வற்புறுத்தினார்கள். இரண்டே முக்காலுக்கு முடிந்தது. தட்டின் விளிம்பைத் தாண்டி ஓரம் எட்டு அலைகளாக ஒரே சீராக இறங்கியது.

மாப்பிள்ளையின் அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சேலையைவிட, பெண்ணைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார்.

“இந்த மாதர ஓரத்துல சுருக்கு உட்டு நான் பாத்ததே இல்லீங்க. இது ஆரு டிசைனுங்க?”

பூங்கொடி யோசிக்கவே இல்லை. “கோயமுத்தூரு மல்லிகாவோடதுங்க. எம்பட புள்ளைக்குன்னே உக்காந்து போட்டுக் குடுத்தாங்க.”

நாலேகாலுக்குத் தட்டு மாற்றினார்கள். நான் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

உங்களில் இப்படிப் பயணம் போகிறவர்களுக்குச் சில சொற்கள். பஸ் நேரமும் கட்டணமும் இப்போது வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் கூட்டம் குறைவு. டிபன் பாக்ஸ் நல்ல யோசனைதான், மூடியை மட்டும் முன்பே நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். முந்தின கூட்டத்திலேயே எல்லாருடைய காதையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். அளக்கிற ஆள் யாருக்கும் கணவராக இல்லாமலிருப்பது நல்லது. நூல் பூவைத் தொடாதீர்கள், தையல் டப்பாவைத் திறக்காதீர்கள், கருத்துச் சொல்லாதீர்கள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னை ஒரு மேலதிகாரியை நடத்துவதுபோல மரியாதையாக நடத்தினாள். அடுத்த வாரம் கோபியிலிருந்து கடிதம் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை, பூங்கொடியிடம் முகவரி வாங்கி, அந்த டிசைனை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்.

மல்லிகா உடனே பேனாவை எடுத்து, அது டிசைன் அல்ல, தவறு, யாரும் அதைப் போட வேண்டாம் என்று எழுதினாள். வாசித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். “இதை அனுப்பிச்சா பூங்கொடி சம்பந்தி முன்னால பொய் சொன்னதா ஆயிருமுங்கல்ல?” என்றாள். கருத்துச் சொல்வதை அந்த வாரம்தான் விட்டிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

பிறகு மூன்று மாலை உட்கார்ந்தாள். டவுன் பஸ் அகலத்தில் எத்தனை பூ, சத்தி பஸ் அகலத்தில் எத்தனை பூ, எதற்கு அடுத்து எது என்று முடிச்சு முடிச்சாக எழுதினாள். நடுவில் ஒரு படம் வேண்டுமென்று என்னிடம் கேட்டாள், வரைந்து கொடுத்தேன். ஒரு முடிச்சு கூடிப்போனால் பதினைந்து பூவை வெட்டச் சொன்னவள், அந்தப் பிழையை இரண்டு பக்கத்துக்கு அழகான கையெழுத்தில் எழுதி முடித்து, கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டாள்:

‘தவறு வந்துவிடாமல் கவனமாகச் செய்யவும்.’