மெத்தென்ற பிரேக்

ஐயாவின் கருப்பு அம்பாசிடரை நிறுத்த என் வலது கால் வேண்டியிருந்தது. ஐயாவின் அப்பா ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்தபோது வாங்கிய கார் அது. பிரேக்கை மிதித்தால் பாதி தூரம் வெறுமனே இறங்கும். அதன்பிறகு கல். அந்தக் கல்லின்மேல் ஏறி நிற்பதுபோல அழுத்தினால்தான் வண்டி நிற்கும். வருடக்கணக்காக அப்படி மிதித்ததில் என் வலது கெண்டைக்கால் இடதைவிடத் தடித்துவிட்டது. வேட்டி கட்டினால் யாராவது பார்ப்பார்கள் என்று கூச்சம். எப்போதும் பேண்ட்தான் போடுவேன்.

ஐயாவின் மகன் வெளிநாட்டில் இருந்தார். மருமகள் இங்கே மைசூரில், ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவருக்கு, இந்தப் பழைய காரை ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஒருநாள் காம்பவுண்டுக்குள் ஓட்டிப் பார்த்தார். இரண்டு காலையும் சேர்த்து மிதித்தும் கார் நிற்கவில்லை, செம்பருத்திச் செடியின்மேல் ஏறித்தான் நின்றது.

அன்று சாப்பிடும்போது ஐயா சொன்னார்: "பவர் பிரேக் மாட்டிடலாம்மா. விரலால தொட்டாலே நிக்கும்."

"அப்புறம் டிரைவர் பேடவே பேடா மாமா."

வேண்டவே வேண்டாம் என்பதை மட்டும் மருமகள் கன்னடத்தில் சொன்னார். எல்லையோரத்தில் தமிழ் பேசும் கௌதள்ளியில் பிறந்தவனுக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்தாரோ, தெரிந்தால்தான் என்ன என்று நினைத்தாரோ. நான் அதே அறையில் கார் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"பாவம், இத்தனை வருஷமா இருக்கான்" என்றார் அம்மா. ஐயாவின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"பாவம் பார்த்தெல்லாம் ஆள் வெச்சுக்க முடியாது" என்றார் ஐயா. " மாட்டினதும் செம்பு வெச்சு ஓட்டிக் காட்டட்டும். சரியா ஓட்டினா, கார் வீட்டுல இருக்கறப்போ என்னை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிட்டுப் போகட்டும். இல்லைன்னா வேற இடம் பார்த்துக்கட்டும். என்னப்பா?"

தலையாட்டினேன். எனக்கு அவ்வளவுதான் வரும்.

செம்பு என்பது அந்த வீட்டு வழக்கம். புதிதாக டிரைவர் வந்தால், வாய்வரை தண்ணீர் நிரப்பிய செம்பை அம்மா மடியில் வைத்துக்கொள்வார். ஐயா பக்கத்தில் உட்காருவார். ஊருக்குள் ஒரு சுற்று. சேலை நனைந்தால் வேலை கிடையாது. நான் சேர்ந்தபோது ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிரேக் கனமாக இருந்ததால் எவ்வளவு அழுத்துகிறேன் என்று காலுக்கு நன்றாகத் தெரிந்தது.

காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். மெக்கானிக் கொள்ளேகால்காரர், தமிழ் பேசுவார். எஞ்சினுக்குப் பக்கத்தில் சோற்றுப்பானை அளவில் ஒரு கருப்பு டப்பாவை மாட்டி, எஞ்சினிலிருந்து அதற்கு ஒரு ரப்பர் குழாயை இழுத்தார். எஞ்சின் காற்றை உறிஞ்சும், அந்த உறிஞ்சலில் பிரேக் தானே அழுந்தும் என்றார்.

"நீங்க செஞ்ச வேலைய இனி இந்த டப்பா செய்யுமுங்ணா. சம்பளமும் கேக்காது, டீயும் கேக்காது" என்றவர், என் காலைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "இந்தக் கால வீணாக்காதீங்க. தசராவுக்கு ஒரு யானை குறையுதாமா. போய் நின்னுக்குங்க."

அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் தடவை மிதித்தபோதே தெரிந்துவிட்டது. வழக்கம்போல ஏறி நின்றேன். கார் சுவரில் மோதியதுபோல நின்றது. என் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. வீடு வருவதற்குள் இன்னும் பலமுறை அப்படியே ஆயிற்று. பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் எல்லோரும் திட்டிவிட்டுப் போனார்கள்.

செம்பு வைப்பது ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை சாயங்காலங்களில் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, காலடியில் ஒரு தக்காளியை வைத்து உடையாமல் அழுத்திப் பழகினேன்.

"சட்னிக்கு வெச்சத எதுக்குங்க மிதிச்சுட்டு இருக்கறீங்க?" என்று என் மனைவி வந்து நின்றாள்.

"வேலைக்குத்தான்."

"தக்காளி மிதிக்கற வேலையா? அதையும் குடுக்கறாங்களா உங்களுக்கு?"

ஆனாலும் மறுநாள் இன்னும் கொஞ்சம் தக்காளி வாங்கி வந்தாள். சனிக்கிழமைக்குள் ஒன்றுகூட உடையவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது.

ஞாயிறு காலை லலித மஹால் ரோட்டுக்குப் போனோம். முதலில் மருமகள் ஓட்டினார், நான் பக்கத்தில். பின்னால் ஐயாவும், மடியில் செம்போடு அம்மாவும். மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தார். கார் ஒவ்வொரு முறையும் படகுபோல வந்து நின்றது. "ஒரு சொட்டுக்கூட இல்லை!" என்று ஐயா கைதட்டினார்.

பிறகு இடம் மாறி, ஸ்டியரிங் முன்னால் நான் உட்கார்ந்தேன். தக்காளியை நினைத்துக்கொண்டேன். முதல் மூலையில் மெதுவாக நின்றது. அடுத்ததிலும் நின்றது. "பரவாயில்லையே" என்று அம்மா சொன்னது கேட்டது. அந்த ஒரு வார்த்தையில் என் தோள் இறங்கியது.

அப்போது மரத்துக்குப் பின்னாலிருந்து, புல்லுக்கட்டு ஏற்றிய ஸ்கூட்டர் ஒன்று குறுக்கே வந்தது. யோசிக்க நேரமில்லை. கால், வருடக்கணக்காகச் செய்ததைச் செய்தது.

ஸ்கூட்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். செம்புத் தண்ணீர் முழுவதும் முன்னால் வந்து என் முதுகிலும் இருக்கையிலும் கொட்டியது. ஐயாவின் முகம் முன்இருக்கையில் மோதி, ஏதோ ஒன்று தாண்டி வந்து கியர் பக்கம் விழுந்தது. குனிந்து எடுத்தேன். பல் செட். மேல்வரிசை முழுவதும்.

ஐயாவுக்குக் கட்டுப்பல் என்று எனக்கு அதுவரை தெரியாது. மருமகளுக்கும் தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது. அவர் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பல் செட்டைத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் பின்னால் நீட்டினேன். மரியாதையாகத்தான் நீட்டினேன். அதைப் பார்த்து மருமகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அம்மாவும் ஈரச் சேலையோடு சிரித்தார்.

ஐயா சிரிக்கவில்லை. உள்ளே போன உதட்டோடு என்னை மட்டும் பார்த்தார். "எழங்கு" என்றார். வாயில் காற்றுதான் வந்தது. என் கையிலிருந்து பல் செட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, இந்தமுறை தெளிவாகச் சொன்னார்: "இறங்குடா."

அதுவரை அவர் என்னை டா போட்டதில்லை.

"மாமா, அந்த ஸ்கூட்டர் குறுக்கே..." என்று மருமகள் ஆரம்பித்தார்.

"நீ ஓட்டும்மா."

இறங்கினேன். என் இடத்தில் உட்கார்ந்த மருமகள் உடனே எழுந்துவிட்டார். நான் உயரத்துக்காகப் போட்டிருந்த திண்டு தண்ணீரில் ஊறியிருந்தது. "இது உங்களுதுதானே அண்ணா?" என்று அதை உருவி, இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

கார் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நடக்க வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். சட்டை முதுகு ஈரம். திண்டிலிருந்து தண்ணீர் பேண்ட்டில் சொட்டியது. அதைக் கீழே போடவும் மனம் வரவில்லை, எப்படிப் பிடிப்பது என்றும் தெரியவில்லை. அந்த ரோட்டோரத்தில் தலையணை, போர்வை விற்பவர்கள் நிற்பது வழக்கம்.

ஒருவர் நாயோடு நின்று, திண்டை அழுத்திப் பார்த்தார்.

"எஷ்டு?" என்றார். எவ்வளவு என்று கேட்கிறார்.

விற்பதற்கில்லை என்று தலையாட்டினேன். அவர் நாயை இழுத்துக்கொண்டு, ஈரமான கையைத் துடைத்தபடி போனார்.