ரூபா கவனிக்காத பூகம்பம்

ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் பவர்லூம் கொட்டகைக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவள் ரூபா. தறிகள் ஓடினால் அங்கே தரை, சுவர், தண்ணீர்ச் சொம்பு எல்லாமே நடுங்கும். அதனால் அன்று மத்தியானம் நிலம் நடுங்கி, தெருவில் எல்லோரும் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தபோதும், அவள் மட்டும் அறுந்த இழையை நிதானமாக முடிந்துகொண்டிருந்தாள்.

அடுத்த நொடி கரண்ட் போய்த் தறிகள் நின்றன. தரை மட்டும் நிற்கவில்லை. ரூபா செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே பாய்ந்தாள்.

"பூகம்பம் வந்துக்கினு கீது, நீ உள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தே?" என்று கத்தினான் கணவன் சிட்டிபாபு.

"தறிதான் ஆடுதுன்னு நெனச்சேன்யா!"

நடுக்கம் அடங்கிப்போக, தெருவே சிரித்தது. சிட்டிபாபு செல்போனில் படித்ததை எடுத்துவிட்டான். "நாம நிக்கிற நெலமே ஒரு பெரிய பாறைத் தட்டாம். வடக்கால நகந்துக்கினே போய் இமயமலையாண்ட முட்டுதாம். அந்த அழுத்தத்துல இங்கயும் எப்பவாச்சும் ஆடுமாம்."

"எவ்ளோ வேகமா போவுது?"

"நகம் வளர்ற மாதிரி."

"அவ்ளோ மெதுவா ஓட்டுனா எங்க மொதலாளி ஒருநாள்கூட வெச்சுக்க மாட்டாரு!"

சொல்லிவிட்டாளே தவிர, பயம் முழுசாகப் போகவில்லை. இப்போதெல்லாம் தறி சுவிட்சைப் போடுமுன் வெறுங்காலோடு கொஞ்சம் நின்று, தரை சும்மா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள்.