கலைத்துப் போடும் வேலை

ஒற்றைச் செருப்பைக் கவிழ்த்து வைக்கிறார். இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறார். கையிலுள்ள புகைப்படத்தில் அதன் முனை ஜன்னலைப் பார்க்கிறது, இங்கே அலமாரியைப் பார்க்கிறது. குனிந்து ஒரு விரலால் திருப்புகிறார். அடுத்தது போர்வை. பாதி கட்டிலிலும் பாதி தரையிலுமாக அதை வீசும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்.

வயல்களுக்கு நடுவே ஒரு கவிஞர் வாழ்ந்த பண்ணை வீடு இது. இப்போது நினைவு இல்லம். கவிஞர் காலமான மறுநாள் எடுத்த படத்தில் அவர் அறை எப்படி இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும் என்பது அலுவலக உத்தரவு. தூசிக்கும் பூனைக்கும் அந்த உத்தரவு தெரியாது. ஆகவே தினமும் ஏழரை மணிக்கு அறையைக் கூட்டித் துடைத்து, பிறகு படத்தைப் பார்த்துக் கலைத்துப் போடுவது காப்பாளர் அம்மாவின் வேலை.

இந்த வேலைக்குத் தேடிப் பிடித்து இவரைப் போட்டாரே, அந்தப் புண்ணியவானைச் சொல்ல வேண்டும். தெருவில் இவர் பெயர் ‘ஸ்கேல் அக்கா’. வீட்டில் டம்ளர்கள் உயர வரிசையில் நிற்கும். கொடியில் ஒரு சட்டை கோணலாகத் தொங்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது. “நான் துண்டைக் கீழ போட்டா வீடு ரெண்டுபடும். அவ அங்க போய் போர்வையையே கீழ போட்டுட்டு வர்றா” என்று கணவர் கண்டவர்களிடமெல்லாம் புலம்புகிறார்.

வருகிறவர்களுக்குச் சொல்ல மனப்பாடமாக ஒரு வாக்கியம் உண்டு: “இதுதான் கவிஞரோட அடங்காத மனசு.” கவிழ்ந்த செருப்பைப் பற்றி மட்டும் ஓர் ஆய்வாளர் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். ஒரே ஒரு நாள் காப்பாளர் அம்மா கை பொறுக்காமல் போர்வையை அரை மடிப்பு மடித்துவிட்டார். மேலதிகாரி படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்றார்.

போன வாரம் ஓர் அம்மாள் வந்தார், கவிஞரின் மகள். அறை வாசலில் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி அறையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு நன்றாக இல்லை.

“இதை யாரும்மா இப்படிப் போட்டது?”

“நான்தாங்க. பதினோரு வருஷமா.”

அப்பா எழுந்ததும் முதலில் போர்வையைத்தான் மடிப்பார் என்றார் மகள். படம் எடுத்த அன்றைக்கு வீட்டுச் சாவியைக் காணோம் என்று குடும்பமே அறையைப் புரட்டிப் போட்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் புகைப்படக்காரர் வந்துவிட்டார். இதைச் சொல்லி அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதியும், படம்தான் ஆதாரம் என்று பதில் வந்ததாம்.

காப்பாளர் அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “சாவி கெடச்சுதாங்க?”

“அம்மா இடுப்புலதான் இருந்துது.”

காப்பாளர் அம்மா வாசலை எட்டிப் பார்த்தார். ஆள் இல்லை. கயிற்றை அவிழ்த்தார். போர்வையில் ஆளுக்கு இரண்டு முனை பிடித்தார்கள். மடித்து, தடவி, மறுபடி தடவி, கட்டில் தலைமாட்டில் வைத்தார். பதினோரு வருடப் பாரம் இறங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே பள்ளிக்கூடப் பேருந்து வந்து நின்ற சத்தம் கேட்டது. படத்தை எடுத்தார். போர்வையை உதறி வீசினார், பாதி மேலே, பாதி கீழே. பிறகு கட்டிலின் பின்பக்கம் போய், படத்தில் விழாத அந்த ஒரு மூலையை மட்டும் நான்காக மடித்து, மெத்தைக்கு அடியில் அழுத்திச் செருகினார்.