விழுப்புரம் மேடையில் ஸ்பானிய அறுப்புப் பாட்டு

திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் நான் பாட்டு டீச்சர். அங்கே மருந்தகம் பார்த்த சிஸ்டர் ஸ்பெயின் நாட்டுக்காரர். என் வயதுதான் இருக்கும். ஒரு நாள் காயத்துணி அலசிக்கொண்டே ஏதோ பாடினார். ஜெபப் பாட்டு மாதிரி இல்லை. என் கால் தானாகத் தாளம் போட்டது.

"என்ன பாட்டு சிஸ்டர்?"

"எங்க மலை ஊர்ல கோதுமை அறுக்கும்போது பாடுறது. பொழுது சாஞ்சிடுச்சி, எசமான் இன்னும் வீட்டுக்கு விடலன்னு அர்த்தம். இப்ப அங்கயே யாரும் பாடறதில்ல. மடத்துக்கு வந்தப்புறம் எனக்கும் வெக்கம்."

கண்டமங்கலம் பக்கம் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவள் என் அம்மா. அந்த மாதிரி எசமானை எனக்கு நன்றாகவே தெரியும்.

"எனக்குக் கத்துக்குடுங்க. நான் புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றேன்" என்றேன்.

மறந்துபோன அடிகளை அவர் பாடிப்பாடி மீட்டார். நான் அவற்றைத் தமிழெழுத்தில் கரும்பலகையில் எழுதினேன். அவர்கள் ஊரில் இதற்கு அடிக்கும் சலங்கைப் பறைக்குப் பதிலாகக் கஞ்சிரா.

தலைமைக் கன்னியாஸ்திரி கூப்பிட்டனுப்பினார். "வயக்காட்டுப் பாட்டெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஆகாது."

"வயக்காட்டுல வேலை செய்றவங்க புள்ளைங்கதான் மதர் இங்க படிக்குது."

அவர் மேசைமேலிருந்த கணக்கு நோட்டைத் திறந்துகொண்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் பள்ளிகளுக்குப் பாட்டுப் போட்டி வந்தது. இந்தி எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் பிள்ளைகள் அந்த அறுப்புப் பாட்டில் பாதி பாடியிருப்பார்கள், நடுவர் ஒருவர் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க! இந்தி வேணாம்னு ஊரே ரோட்டுல நிக்குது. இது என்னா புது பாஷை?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். மேடையேறினேன்.

"திணிச்சா வேணாம்னுதாங்க நாங்களும் சொல்றோம். இது நாங்களா கேட்டு வாங்கிக்கினது. பாடுங்க புள்ளைங்களா."

மைக்கை நிறுத்தினார்கள். கஞ்சிராவை வாங்கி நானே அடித்தேன். கடைசி வரிசையில் இருந்த சிஸ்டர் எழுந்து நின்று, வெட்கமெல்லாம் விட்டு, எங்களோடு பாடினார். கடைசி அடிவரை பாடிவிட்டுத்தான் இறங்கினோம்.

போட்டியிலிருந்து எங்களை நீக்கிவிட்டார்கள். மதர் அந்த நடுவரிடம் மன்னிப்பு கேட்கச் சொன்னார்.

"கேக்க மாட்டேன் மதர். வேலையை விட்டு எடுக்கணும்னா எடுங்க."

எடுக்கவில்லை. பாட்டு வகுப்பைப் பள்ளி விட்டபிறகு வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படியாவது கூட்டம் குறையும் என்று நினைத்திருப்பார். கூடியது. சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அப்போதும் நான் நிறுத்தவில்லை. எங்கள் நடவுப் பாட்டுகளையும் சேர்த்துக்கொண்டேன். மதர் ஜன்னலைச் சாத்துவார். நாங்கள் இன்னும் உரக்கப் பாடுவோம்.