பல்லைப் பிடுங்கச் சொன்ன நாள்

சம்பா அறுவடைக்கு மிஷின் கேட்டுப் பத்து நாள் அலைந்து, ஒருவழியாக அது எங்கள் வயலில் இறங்கிய காலையில்தான் எனக்கு இடது தாடை வலிக்க ஆரம்பித்தது. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் நான்கு ஏக்கர் நிலம். கணவர் பதினெட்டு வருடம் மஸ்கட்டில் இருந்தபோது சாகுபடி பார்த்தது நான்தான். அதனால் அவர் ஊருக்குத் திரும்பிய பிறகும் வயலில் என் பேச்சுதான் எடுபடும். அவர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பார்.

முதல்நாள் கல் மாதிரி ஒரு முறுக்கைக் கடித்திருந்தேன். பழியைத் தூக்கி அதன் மேல் போட்டுவிட்டு ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டேன். நெல் கொட்டத் தார்ப்பாயை இழுத்து விரித்தபோது வலி கூடியது. உட்கார்ந்தால் குறைந்தது. நான் உட்காருவதும் எழுந்திருப்பதும் பல்லுக்கு எப்படித் தெரிகிறது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

"என்ன, மூஞ்சியெல்லாம் இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றார் கணவர்.

"வெயில்தான்."

"தை மாசத்துல என்ன வெயில்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மிஷின்காரரிடம் எந்த வயல் முதலில், எது அடுத்தது என்று சொல்லிவிட்டுக் கணவரின் வண்டியில் பின்னால் ஏறினேன். ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவதாகத் திட்டம்.

பல் மருத்துவமனை ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மீதியை ஏறினேன். டாக்டர் இருபத்தாறு வயசுப் பெண். வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள்.

"எந்தப் பல்லும்மா?"

"இது. இல்ல, இதுக்குப் பக்கத்துல. கீழ."

"எல்லாம் நல்லா இருக்கும்மா. சொத்தையே இல்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மிஷினை வயலில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், இவள் என் பல்லைப் புகழ்ந்துகொண்டிருக்கிறாள். "எதையாவது ஒண்ணப் பிடுங்கிடும்மா. எனக்கு நேரமில்ல," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கருவியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். ஏசி அறையில் என் ரவிக்கை நனைந்திருந்தது.

"படி ஏறும்போது வலி கூடுச்சா?"

"கூடாம? படியவா கட்டி வச்சிருக்கீங்க, பனைமரம் மாதிரி!"

"சுகர் இருக்கா?"

"கொஞ்சம்."

வாசலில் உட்கார்ந்திருந்த என் கணவரை அவள் உள்ளே கூப்பிட்டாள். "இது பல்லு வலி மாதிரி தெரியல சார். உடனே ஈசிஜி எடுக்கணும். ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கு, நான் போன் பண்ணிடறேன். அம்மா படி இறங்கி நடக்கக் கூடாது."

"பல்லு டாக்டர் எதுக்கு ஈசிஜியப் பத்திப் பேசறாங்க?" என்று கணவர் என்னிடம் கேட்டார், அவள் அங்கே இல்லாதது மாதிரி.

நடக்கக் கூடாது என்றால் எப்படி இறங்குவது? அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தாள். பல் காட்ட வந்திருந்த இரண்டு பேரும் என் கணவரும் டாக்டரும் ஆளுக்கு ஒரு கால் பிடிக்க, நான் சாமி புறப்பாடு மாதிரி கீழே இறங்கினேன். அந்த இருவரில் ஒருவர் பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி. கன்னம் பலாச்சுளை மாதிரி வீங்கியிருந்தும் முனகாமல் தூக்கினார். என் புடவை முழுக்க நெல் தூசி, தலையில் வைக்கோல். ஜவுளிக்கடை வாசலில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "ஒரு பல்லப் பிடுங்குனதுக்கா இந்தக் கதி!"

பல் டாக்டரும் எங்களோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வளையலைக் கழற்றச் சொல்லி, மார்பிலும் கை காலிலும் வயர்களை ஒட்டினார்கள். காகிதம் வெளியே வந்ததும் அங்கிருந்த டாக்டர் அதைக் கையிலேயே வைத்துப் பார்த்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், அவசரப்படாத குரல்.

"அம்மா, இது மாரடைப்பு."

"நெஞ்சு வலிக்கவே இல்லையே டாக்டர்!"

"சில பேருக்கு நெஞ்சுல வராது. தாடை, முதுகு, கைன்னு எங்கயாவது வரும். பொம்பளைங்களுக்கும் சுகர் உள்ளவங்களுக்கும் இப்படி வர்றது உண்டு. இந்தக் கோடு இங்க மேல தூக்கியிருக்கு, பாருங்க."

எனக்கு அது எறும்பு ஊர்ந்த தடமாகத்தான் தெரிந்தது. ஆனால் கணவரின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. பதினெட்டு வருடம் ஒவ்வொரு முறை விமானம் ஏறும்போதும் சிரித்துக்கொண்டே போன மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நர்ஸ் உள்ளங்கையில் மாத்திரைகளைக் கொட்டினாள். "இத மட்டும் மென்னு முழுங்குங்க. மத்தது தண்ணியில." தாடை வலி என்று வந்தவளை மெல்லச் சொல்கிறார்களே என்று நினைத்தபடியே ஆஸ்பிரினை மென்றேன். புளிப்பும் கசப்புமாக இருந்தது.

"ரத்தக் குழாய்ல ரத்தக் கட்டி அடைச்சிருக்கு. கரைக்க ஊசி போடப் போறோம். அதுக்கு முன்னாடி சில கேள்வி," என்றார் டாக்டர். "பக்கவாதம் வந்திருக்கா? வயித்துப் புண்? சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது?"

"குடல்வால் ஆபரேஷன் ஆச்சு சார்," என்றார் கணவர்.

"ஏங்க, அது உங்களுக்கு! மஸ்கட்ல!" என்றேன் படுக்கையிலிருந்து.

டாக்டர் எழுதியதை அடித்தார். "பல்லு ஏதும் பிடுங்கினீங்களா?"

வாசலில் நின்றிருந்த பல் டாக்டர் வகுப்பில் இருப்பதுபோலக் கையைத் தூக்கினாள். "இல்ல சார். அவங்க கேட்டாங்க, நான் பிடுங்கல."

"நல்ல வேளை. இந்த ஊசி போட்டா கொஞ்ச நேரத்துக்கு ரத்தம் உறையாது. பிடுங்கியிருந்தா ரத்தத்த நிறுத்தறது பெரிய பாடாயிருக்கும்."

நான் அவளைப் பார்த்தேன். எதையாவது ஒன்றைப் பிடுங்கு என்று சொன்ன வாயை இறுக மூடிக்கொண்டேன்.

ஊசி ஏறிய சற்று நேரத்தில் கணவரின் கையில் போன் அடித்தது. மிஷின்காரர். அடுத்த வயலுக்கு எந்தப் பக்கமாகத் திருப்புவது என்று கேட்டார். கணவருக்குத் தெரியவில்லை.

"கிழக்கால வரப்ப உடைக்காம திருப்பச் சொல்லுங்க!" என்று கத்தினேன். தலைமாட்டில் இருந்த மானிட்டர் என்னோடு சேர்ந்து கத்தியது. நர்ஸ் ஓடிவந்தாள். டாக்டர் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வரப்பு உடைஞ்சா அணைச்சுக்கலாம்மா. பேசாம படுங்க."

ஒரு மணி நேரம் போல ஆகியிருக்கும். வலி மெல்ல இறங்கி, தாடை மறுபடியும் என் தாடையானது. மறுபடி ஈசிஜி எடுத்தார்கள். தூக்கியிருந்த கோடு பாதிக்கு மேல் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆம்புலன்சில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஆஞ்சியோ செய்த டாக்டர், கட்டி கரைந்துவிட்டது, இருக்கிற அடைப்புக்கு இப்போதைக்கு ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரையே போதும் என்றார். மாத்திரைப் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்களிடம், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுப்பது அடியுரம், கொழுப்புக்குக் கொடுப்பது மேலுரம் என்று விளக்கினார். அவர் விவசாயம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீடு திரும்பிய பிறகு ஊரில் உலவிய கதை காதுக்கு வந்தது. அந்தப் பெண் என் பல்லைப் பிடுங்கியதில்தான் என் இதயமே நின்றுபோனதாம். ஒரு மாதம் கழித்து, நடக்கலாம் என்று அனுமதி கிடைத்ததும், அந்த மாடிக்கு நிதானமாக ஏறி, காத்திருந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். வாயைத் திறந்து முப்பத்தோரு பல்லையும் காட்டினேன். ஒன்று முளைக்கவே இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தனக்கும் இடது தோள் ஒரு வாரமாக வலிப்பதாகச் சொன்னார். நான் விடவில்லை. அவரையும் என் கணவரையும் அழைத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள்.

"இதயத்துல ஒண்ணுமில்ல. மூட்டை தூக்கினீங்களா?" என்றார் டாக்டர்.

"நாப்பது மூட்டை," என்றார் பெரியவர். பிறகு அந்தக் காகிதத்தை வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, என்னைக் காட்டி டாக்டரிடம் சொன்னார். "இவங்களுக்கு மட்டும் வந்துச்சே. எனக்கு இன்னொரு தடவ நல்லாப் பாருங்க சார்."