மோட்டாருக்கு ஒரு டிரம் தண்ணீர்

திண்டுக்கல்லில் பழைய பைக்குகளுக்கு எஞ்சின் டைமிங் வைப்பதில் என்னை அடிக்க வேறு மெக்கானிக் இல்லை. அணையில் மீன் பிடிக்கும் ஒருவர் தன் பழைய படகு மோட்டாரைக் கொண்டுவந்தபோதும் நான் அசரவில்லை. டைமிங்கைச் சரியாக வைத்துவிட்டு, கிளப்புவதற்குக் கயிற்றைப் பிடித்தேன்.

"தண்ணியில முக்காம ஓட்டாதீங்கண்ணே, சூடேறி வீணாப்போயிரும்!" என்று பதறினார்.

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து பல நாளாகியிருந்தது. பக்கத்துப் பிரியாணிக் கடை அக்கா, சமையலுக்குப் பிடித்துவைத்திருந்த டிரம்மைக் காட்டினார்.

"இதுல முக்கு தம்பி. ஒரு நாள் அடுப்பு எரியலைன்னா குடிமுழுகிப் போயிராது."

ஒரே இழுப்பில் மோட்டார் உறுமியது. தண்ணீர் முழுக்க எண்ணெய் படர்ந்தது. அன்று அக்கா கடை திறக்கவில்லை.

அடுத்த வாரம் படகுக்காரர் கூடை நிறைய மீனோடு வந்தார். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன்.

"அக்கா கடை இன்னிக்குத் தொறந்திருக்காண்ணே?" என்றார்.

நீட்டிய கையாலேயே வழி காட்டினேன்.