போலந்துக்கு ஒரு டிக்கெட்

பூமாலை மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவர். ஆனால் பெரம்பலூரிலிருந்து திருமானூர் வரைக்கும் அவர் மைக்செட் பாடாத கல்யாணம் எது, அவர் சீரியல் பல்பு எரியாத திருவிழா எது என்று யாராவது காட்டட்டும், பார்க்கலாம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தலையில் டியூப்லைட் சுமந்து நடந்தவர், இன்றைக்கு இரண்டு ஜெனரேட்டருக்கும் ஒரு டெம்போவுக்கும் தகரக் கூரை போட்ட பெரிய குடோனுக்கும் சொந்தக்காரர். எவன் வாசலிலும் போய்க் கையைக் கட்டி நின்றதில்லை. இதை அவரே எல்லாரிடமும் சொல்லுவார். சொல்ல வேண்டியதுதானே. உழைத்து மேலே வந்தவன் சொல்லாமல் அதை வேறு யார் வந்து சொல்லுவது?

அப்பேர்ப்பட்ட மனுசன், ஆனி மாசத்து வெயிலில், அரியலூர் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவனிடம் மன்னிப்புக் கேட்கப் போய்க்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லை.

எல்லாம் மகள் புவனேஸ்வரிக்காக. அவள் புருசன் லாரி மோதிச் செத்த பிறகு ஒரு வருஷம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். கோயில், வைத்தியர், சொந்தக்காரர்கள் என்று எதுவும் அவளை எழுப்பவில்லை. திருச்சி ரோட்டில் ஒரு தனியார் பெண்கள் காலேஜில் வரலாற்று டீச்சர் வேலை கிடைத்தது. அதுதான் எழுப்பியது. காலையில் சேலையை மடிப்பு எடுத்துக் கட்டிக்கொண்டு மகள் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்த அன்றைக்குப் பூமாலை குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவளிடம் படிக்க வந்தவர்கள் எல்லாம் லீவு நாளில் பருத்தி எடுக்கப் போகிற பிள்ளைகள். ஐரோப்பிய வரலாறு என்றால் அவர்களுக்குப் பேதி. மெட்டர்னிக், பிஸ்மார்க், ரோபஸ்பியர் என்று வாயில் நுழையாத பெயராக வரும். பரீட்சையில் வரிசையாகப் பெயிலாகிவிடுவார்கள். புத்தகத்தைத் தொடாத பிள்ளை போனைத் தொடும் என்று கண்டுகொண்ட புவனேஸ்வரி, ஒரு நிமிஷ வீடியோவாகப் பாடத்தை எடுத்துப் போட ஆரம்பித்தாள். படப்பிடிப்பு அப்பாவின் குடோனில். மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் கட்டுகிற மயில் போட்ட திரைக்கு முன்னால் நின்றுதான் நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றான்.

விளக்குப் பிடிக்கிறவர் சும்மா இருப்பாரா?

"பாப்பா, பாஸ்டில் பாஸ்டில்னா எவளுக்குப் புரியும்? ரஞ்சன்குடிக் கோட்டை மாதிரி ஒண்ணு, அதுல ஜனங்களைப் பிடிச்சு அடைச்சு வெச்சிருந்தானுங்கன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா ரஞ்சன்குடியில ஜெயில் இருந்துச்சுன்னு எழுதி வைப்பாளுங்கப்பா."

"எழுதட்டுமே. ஒண்ணும் எழுதாம வர்றதுக்கு அது தேவலாம்."

அவர் சொன்ன உதாரணம் போட்ட வீடியோக்கள்தான் ஓடின. பிள்ளைகள் பாஸ் பண்ணினார்கள். மூன்றாவது படித்தவன் பிரான்சுப் புரட்சி நடத்துகிறேன் என்று டீக்கடையில் அவர் சொல்லிக்கொண்டதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் காலேஜில் ஒரு உத்தரவு போட்டார்கள். முதல் வருஷத்துக்கு இருபது பேர் சேரவில்லை என்றால் வரலாற்றுத் துறையை மூடிவிடுவோம் என்றார்கள். புவனேஸ்வரி ஊர் ஊராக நடந்தாள். பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். இருபதாவதாக வாலிகண்டபுரம் முருகையன் மகள் வெற்றிச்செல்வி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் போலந்துப் பாடம் வந்தது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்று மூன்று ராஜ்யம் சுற்றி நின்று, போலந்து என்ற நாட்டை மூன்று தவணையாகப் பங்கு போட்டு முழுங்கிய கதை. கேட்டதுமே பூமாலைக்கு மனசில் பளிச்சென்று வந்தது முருகையன் காடு. முருகையன் வெளியூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், சுற்றி நிலம் வைத்திருந்த பங்காளிகள் மூன்று பேரும் ஒவ்வொரு உழவுக்கும் அவன் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே வந்தார்கள். அவன் திரும்பி வந்து பார்த்தபோது மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு தடம் மட்டும் மிச்சம் இருந்தது. ஊருக்கே தெரிந்த கதை.

"இதை நானே சொல்றேன்" என்று திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பேரைச் சொல்லாதீங்கப்பா."

"பேரைச் சொன்னாத்தான் மனசுல நிக்கும். நான் எத்தனை மேடைக்கு மைக் குடுத்தவன், எனக்குத் தெரியாதா?"

"போலந்துன்னா யாரு? நம்ம முருகையன் காடு" என்று அவர் ஆரம்பித்த அந்த வீடியோ, அதுவரை போட்ட எல்லாவற்றையும் தாண்டி ஓடியது.

பூமாலை பயந்தது அந்த மூன்று பங்காளிகளுக்கு. வம்புக்கு வருவார்கள் என்று ஆள் எல்லாம் சேர்த்து வைத்திருந்தார். மூத்தவன் அன்பழகன் குடோனுக்கு வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஏன் பூமாலை, எங்க மூணு பேர்ல ரஷ்யா யாரு? பெரிய பங்கு அவனுக்காமே. என் தம்பி தான்தான் ரஷ்யாங்கறான். நீ தீர்த்துச் சொல்லு."

அடி விழுந்தது முருகையனுக்கு. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "போலந்துக்கு ஒரு டிக்கெட்" என்று கிழித்துக் கொடுத்தான். ரேஷன் கடையில், முடி வெட்டுகிற இடத்தில், எங்கே போனாலும் போலந்து. வெற்றிச்செல்வியைப் 'போலந்துப் புள்ள' என்றார்கள். அவள் புவனேஸ்வரிக்குப் போன் பண்ணி, "உங்க காலேஜுக்கு வரல மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வீடியோவை அழித்துப் பார்த்தாயிற்று. அழித்து என்ன செய்ய, அது எல்லார் போனிலும் இருந்தது.

புவனேஸ்வரி அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்குப் போய் சுவரைப் பார்த்துப் படுத்தாள். தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. இன்னும் இரண்டு நாளில் சேர்க்கை முடிகிறது. அதற்குப் பிறகு அவளை எழுப்ப உலகத்தில் என்ன மிச்சம் இருக்கிறது?

முருகையன் அரியலூரில் லாரிகளை எடை போடுகிற ஒரு எடைமேடையில் வாட்ச்மேன். பூமாலை பஸ் இறங்கிப் போனபோது சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன. வெள்ளைப் புழுதி அவன் புருவத்தில் படிந்திருந்தது.

"வாங்க முதலாளி. மைக்கை எங்க காணோம்?"

"முருகையா, தப்பு என்னுதுப்பா."

"தப்பு என்ன, உள்ளதைத்தானே சொன்னீங்க. காடு போனது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரிஞ்சதோட சும்மா கெடந்துச்சு. நீங்க அதுக்கு ஒரு பேரு வெச்சுக் குடுத்துட்டீங்க."

லாரிக்காரன் ஒருவன் தலையை நீட்டி, "போலந்து, சீட்டைக் குடு, நேரமாவுது" என்றான். முருகையன் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"எங்க தாத்தா ஒரு தடவை சந்தையில ஆட்டைத் தொலைச்சாரு. மூணு தலைமுறையா நாங்க ஆடு தொலைச்சான் வூடு. என் கல்யாணத்துலகூட அப்படித்தான் கூப்பிட்டானுங்க. இப்பதான் கொஞ்சம் மறந்தானுங்க. இனிமே என் பேரப்புள்ளைக்கும் போலந்துதான்."

பூமாலை கையைக் கட்டினார். அந்தக் கை தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"புள்ளைய அனுப்பு தம்பி. என் மக மறுபடி படுத்துட்டா. காலேஜ்ல உன் மகளை எவளாவது வாயைத் தொறந்து சொன்னா…"

"சொன்னா? சவுண்டை ஏத்தி அடக்குவீங்களா?"

பூமாலைக்குக் கடைசியாக ஒன்று தோன்றியது. "அந்த நாடு திரும்ப வந்துடுச்சு தம்பி. இப்ப இருக்கு."

"எத்தனை வருஷம் கழிச்சு?"

"நூத்தி இருபத்தி மூணு."

முருகையன் சிரித்தான். "நல்லது. அப்ப நான் மண்ணுக்குள்ள சுண்ணாம்பா இருப்பேன். இந்த லாரியிலதான் ஏத்துவானுங்க." பிறகு லாரிகளையே பார்த்துக்கொண்டு கேட்டான். "அதுவரைக்கும் அங்க இருந்த ஜனமெல்லாம் என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

வேறு நாளாக இருந்தால் பூமாலை ஏதாவது அடித்து விட்டிருப்பார். "தெரியாதுப்பா" என்றார். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார்.

"பாப்பா, வெச்சுடாத. முருகையன் ஒண்ணு கேக்கறாரு."

கேள்வியைச் சொல்லிவிட்டுப் போனை முருகையனிடம் கொடுத்தார். படுத்த இடத்திலிருந்தே அவனுக்குப் பதில் சொன்னாள்.

"வார்சான்னு ஒரு ஊரு சித்தப்பா. ரஷ்யாக்காரன் பங்குல விழுந்த ஊரு. பொம்பளைப் புள்ளைங்களுக்கு காலேஜ்ல இடம் கெடையாது. அவங்க சொந்தச் சரித்திரத்தைச் சொல்லிக் குடுக்கவும் விடல. போலீசுக்குத் தெரியாம இன்னிக்கு ஒரு வூட்டுல, நாளைக்கு வேற வூட்டுலன்னு மாத்தி மாத்தி உக்காந்து படிச்சாங்க. நூத்துக்கணக்கான பொண்ணுங்க."

"இதை ஏம்மா வீடியோவுல சொல்லல?"

"ஒரு நிமிஷம்தான் சித்தப்பா. அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"முழுங்குனதைச் சொல்ல நிமிஷம் இருந்துச்சு" என்று சொல்லிப் போனைப் பூமாலையிடம் நீட்டினான். "போயிட்டு வாங்கண்ணே. என் புள்ள அங்க வராது."

வரவில்லை. துறையை மூடினார்கள். சேர்ந்த பத்தொன்பது பேரையும் தமிழுக்கும் வணிகவியலுக்கும் பிரித்து அனுப்பினார்கள். புவனேஸ்வரி சுருட்டிய ஐரோப்பா மேப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், படுத்தாள். பூமாலை கல்யாண ஆர்டர்களை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு அவள் அறை வாசலிலேயே கிடந்தார். இட்லி வாங்கி வருவார், ஆறிப்போகும். டீ வைப்பார், ஆடை கட்டும்.

அப்படி எத்தனையோ நாள் போன பிறகு புவனேஸ்வரியின் போன் அடித்தது. அவள் தொடவில்லை. அவர்தான் எடுத்து அவள் காதருகே வைத்தார்.

"மேடம், வெற்றிச்செல்வி பேசறேன். அரியலூர் கவர்மென்ட் காலேஜ்ல சேந்துட்டேன். வரலாறுதான். அப்பாதான் அதை எடுக்கச் சொன்னாரு." பின்னால் லாரி இரைச்சல். "அந்த மீதிக் கதைய எப்ப போடுவீங்கன்னு கேக்கறாரு. பேரைச் சொல்லாம போடணுமாம்."

போன் நின்ற பிறகும் புவனேஸ்வரி சுவரைத்தான் பார்த்தாள். சாயங்காலம் எழுந்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு மேப்பை இழுத்தாள்.

குடோனில் மயில் திரையின் மேல் மேப்பை மாட்டினார்கள். தலைகூட வாராமல் நின்றாள். மீதிக் கதையை ஆரம்பித்தாள், நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். நடுவில் ஒரு இடத்தில், விளக்குப் பிடித்து நின்ற பூமாலைக்கு நல்ல உதாரணம் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டார். நாளைக்கு இவள் எழுந்திருப்பாளா என்பது அவருக்குத் தெரியாது. இப்போது நிற்கிறாள், அவ்வளவுதான்.

"அப்பா, வெளக்கு ஆடுது" என்றாள்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.